காப்புரிமையைத் திறந்துவிடுவதும் அறிவைப் பகிர்வதும் ஒன்றல்ல

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டொயோட்டா நிறுவனம், ஹைபிரிட் வாகனங்கள் உள்ளிட்ட மின்னியக்கத் தொழில்நுட்பங்கள் தொடர்பான தன்னுடைய 23,740 காப்புரிமைகளை 2030ஆம் ஆண்டின் இறுதிவரை எவரும் உரிமத்தொகை செலுத்தாமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அந்த எண்ணிக்கை எளிதில் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் என்னை யோசிக்க வைத்தது அதே அறிவிப்பில் இருந்த இன்னொரு பகுதி. டொயோட்டாவின் மோட்டார், மின்கலம், கட்டுப்பாட்டுக் கருவிகள் ஆகியவற்றைக் கொண்டு வாகனம் தயாரிக்க முன்வரும் நிறுவனங்களுக்குத் தொழில்நுட்ப உதவியும் வழங்கப்படும், அதற்குக் கட்டணம் உண்டு என்பதே அது. காப்புரிமை இலவசமாகவும் கற்றுத்தருவது கட்டணத்துக்கு உரியதாகவும் இருந்தன. இதில் வஞ்சகம் ஏதும் இல்லை; எதற்கு உண்மையான விலை இருக்கிறது என்பதை அந்நிறுவனம் சரியாகவே கணித்திருக்கிறது. நிறுவனங்கள் தம் காப்புரிமைகளை இலவசமாகப் பகிர்ந்தால் புத்தாக்கம் பெருகுமா என்ற கேள்விக்கு விடை தேடுபவர்கள் இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

முதலில் ஒரு சொல்விளக்கம் தேவைப்படுகிறது. தமிழில் காப்புரிமை என்ற சொல்லை நூல், பாடல் போன்ற படைப்புகளுக்கான பதிப்புரிமைக்கும் பலர் பயன்படுத்துகிறார்கள். இங்கே அது பேட்டன்ட் என்பதை மட்டுமே குறிக்கிறது. புதியதாகவும், அத்துறையில் தேர்ந்தவருக்குச் சட்டென்று தோன்றிவிடாததாகவும், தொழிலில் பயன்படக்கூடியதாகவும் உள்ள ஒரு கண்டுபிடிப்பைத் தம் அனுமதியின்றிப் பிறர் செய்வதையும் விற்பதையும் தடுப்பதற்கு அரசு தருகிற, காலவரம்புக்கு உட்பட்ட உரிமை அது. 1995இல் நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமைக்கான உலக வணிக உடன்படிக்கையான டிரிப்ஸின்படி, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் முடியும் முன் அந்தப் பாதுகாப்பு காலாவதியாகக் கூடாது. இந்த உரிமைக்கு ஈடாகக் கண்டுபிடித்தவர் தம் கண்டுபிடிப்பை விளக்கி எழுதித் தர வேண்டும். அந்த ஆவணம் வெளியிடப்பட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைக்கப்படும். ஆகவே காப்புரிமை பெற்ற ஒரு கண்டுபிடிப்பு, படிப்பதற்கு ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் காப்புரிமையைப் பகிர்வதாக அறிவிக்கும்போது அது விட்டுக்கொடுப்பது வழக்குத் தொடுக்கும் உரிமையைத்தான். புதிதாக எந்தச் செய்தியையும் அது உலகுக்குச் சொல்லிவிடுவதில்லை.

இந்த வேறுபாடு நுணுக்கமானதாகத் தோன்றலாம், ஆனால் விவாதத்தின் பெரும்பகுதி இதில்தான் அடங்கியிருக்கிறது. காப்புரிமை ஆவணம் பெரும்பாலும் வழக்கறிஞர் துணையோடு, உரிமையின் எல்லை இயன்ற அளவு விரிந்து இருக்கும்படி எழுதப்படுவது. எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் வைத்திருந்தால் கலவை கெடாமல் வரும், எந்த மூலப்பொருளில் உள்ள எந்த மாசு மொத்தத் தொகுதியையும் பாழாக்கும், எந்தெந்த வழிகளில் முயன்று தோற்றார்கள் என்பவை முழுமையாக அதில் இருப்பதில்லை. அவை தொழிற்கூடத்தில் பணிபுரிபவர்களின் கைப்பக்குவத்திலும் நினைவிலும் இருக்கின்றன. கைப்பக்குவம் என்று நம் மொழியில் சொல்வது இந்த அறிவுக்கு மிகப் பொருத்தமான சொல் என்று நினைக்கிறேன். வழக்கு அச்சம் நீங்கினாலும் கைப்பக்குவம் தானாக வந்துவிடாது.

மின்னணுக் கருவிகளின் அடிப்படை உறுப்பான டிரான்சிஸ்டரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1947இன் இறுதியில் அமெரிக்கத் தொலைபேசிக் குழுமமான பெல்லின் ஆய்வகத்தில் உருவான இந்தக் கருவிக்கு, 25,000 டாலர் முன்பணத்தின் பேரில் உரிமம் தர அதன் தாய் நிறுவனம் ஏற்பாடு செய்தது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பொறியாளர்களை 1952ஆம் ஆண்டு ஏப்ரலில் அழைத்து, டிரான்சிஸ்டரை எப்படிச் செய்வது என்று பல நாட்கள் நேரடியாகக் கற்றுக்கொடுத்தது. அங்கே சொல்லப்பட்டவை தொகுப்பாகவும் வெளிவந்தன. அவற்றைப் பொறியாளர்கள் பெல் தாயின் சமையல் குறிப்பு என்று அன்போடு அழைத்தார்கள். அந்தப் பயிற்சிக்கு வந்த நிறுவனங்களுள் அப்போது சிறியதாக இருந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் ஒன்று. இங்கே உரிமம் இலவசமாகத் தரப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டணம் இருந்தது, ஆனால் கற்பித்தலும் இருந்தது. மின்னணுத் தொழில் விரைந்து பரவியதற்கு அந்தக் கற்பித்தல் ஒரு முக்கியக் காரணம்.

முழு இலவசம் சில ஆண்டுகளுக்குப் பின் வந்தது, அதுவும் விருப்பத்தால் வந்ததன்று. தொலைபேசித் துறையில் ஏகபோகம் செலுத்தியதாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு 1956ஆம் ஆண்டு ஜனவரியில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓர் இணக்க ஆணையோடு முடிந்தபோது, பெல் தன்னிடம் அப்போதிருந்த 7,820 காப்புரிமைகளை உரிமத்தொகையின்றி உள்நாட்டு நிறுவனங்களுக்குத் திறந்துவிட வேண்டியதாயிற்று. மார்ட்டின் வாட்ஸிங்கரும் அவரோடு சேர்ந்த பொருளியலாளர்களும் இதன் விளைவை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரை இந்த விவாதத்தில் ஈடுபடும் எவரும் அறிந்திருக்க வேண்டியது. தொலைத்தொடர்புக்கு வெளியே உள்ள துறைகளில், குறிப்பாக இளம் நிறுவனங்களிடையே, பெல்லின் கண்டுபிடிப்புகளைத் தொடர்ந்த புத்தாக்கம் கூடியது. தொலைத்தொடர்புத் துறைக்குள் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. காரணம், அந்த ஆணைக்குப் பிறகும் தொலைபேசிக் கருவிகளைச் செய்பவரும் வாங்குபவரும் பெல் குழுமமாகவே இருந்தனர். யார் எதைப் புதிதாகச் செய்தாலும் விற்பதற்குச் சந்தை இல்லை. காப்புரிமை என்ற ஒரு பூட்டைத் திறந்தபோது அதற்குப் பின்னால் இருந்த இன்னொரு பூட்டு அப்படியே இருந்தது.

பூட்டே இல்லாத இடத்தில் திறப்பதாலும் பயன் கிடைப்பதில்லை. 2008ஆம் ஆண்டு ஜனவரியில் ஐபிஎம், நோக்கியா, பிட்னி போவ்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து சுற்றுச்சூழலுக்கு நன்மை தரும் காப்புரிமைகளுக்கான பொதுத் தொகுப்பு ஒன்றைத் தொடங்கின. எக்கோ பேட்டன்ட் காமன்ஸ் என்று அழைக்கப்பட்ட அத்தொகுப்பில் வேறு சில பெரிய நிறுவனங்களும் பிறகு சேர்ந்தன. நோக்கம் உயர்ந்ததாகவே இருந்தது. ஆனால் பிரான்வின் ஹால், கிறிஸ்டியன் ஹெல்மர்ஸ் ஆகியோர் அந்தக் காப்புரிமைகளைப் பின்னர் வந்த கண்டுபிடிப்புகள் எந்த அளவு மேற்கோள் காட்டின என்று ஆராய்ந்தபோது, தொகுப்பில் சேர்த்ததால் அத்தொழில்நுட்பங்கள் கூடுதலாகப் பரவியதற்கான அடையாளம் தெரியவில்லை. யார் எதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று பதிவுசெய்யவும் அங்கே வழி இல்லை. எடுப்பவருக்குக் கற்றுத்தருவதற்கும் ஏற்பாடு இல்லை. 2016இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஒரு நிறுவனம் எதைத் திறந்துவிடுகிறது என்பதைத் தானே தேர்ந்தெடுக்கும்போது, தனக்குப் பெரிதாகப் பயன்படாதவற்றைத் தேர்ந்தெடுக்கவே தூண்டப்படும். இது கெட்ட எண்ணத்தால் விளைவதன்று, கணக்கால் விளைவது. ஆனால் ஓர் அறிவிப்பில் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

அப்படியானால் நிறுவனங்கள் உண்மையிலேயே தமக்கு மதிப்புள்ள அறிவைப் பகிர்ந்துகொண்டதே இல்லையா என்றால், உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களின் கதையை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அது எனக்கு வியப்பளிக்கிறது. சுரங்க நீரை இறைக்கும் நீராவி இயந்திரத்தில் நீராவியைத் தனியே குளிரவைக்கும் கலனுக்காக ஜேம்ஸ் வாட் 1769இல் பெற்ற காப்புரிமையை, 1775இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி 1800 வரை நீட்டித்தது. வாட்டும் அவருடைய கூட்டாளி போல்டனும், தம் இயந்திரத்தால் மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைச் சுரங்க உரிமையாளர்களிடமிருந்து பெற்றார்கள். நிலக்கரி கிடைக்காத கார்ன்வாலில் அது பெருந்தொகை. எட்வர்ட் புல் போன்ற உள்ளூர்ப் பொறியாளர்கள் செய்த இயந்திரங்கள் நீதிமன்றத்தில் முடக்கப்பட்டன. வாட்டின் காப்புரிமை புத்தாக்கத்தை எவ்வளவு தடுத்தது என்பதில் வரலாற்று ஆய்வாளர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை. ஆனால் 1800க்குப் பின் நடந்தது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. 1811 முதல், ஜோயல் லீன் என்பவரின் பொறுப்பில், ஒவ்வொரு சுரங்கத்தின் இயந்திரமும் குறிப்பிட்ட அளவு நிலக்கரிக்கு எவ்வளவு நீரை எவ்வளவு உயரம் இறைத்தது என்ற கணக்கு, அதன் வடிவமைப்பு விவரங்களோடும் பொறியாளரின் பெயரோடும் மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடப்பட்டது. ஒருவர் செய்த சிறு மாற்றத்தை மற்றவர் பார்த்து, அதன்மேல் இன்னொன்றைச் சேர்த்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த இயந்திரங்களின் திறன் பல மடங்கு உயர்ந்தது. ரிச்சர்ட் டிரெவித்திக் தம் உயர் அழுத்தக் கார்ன்வால் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெறவே இல்லை.

அவர்கள் ஏன் பகிர்ந்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். செம்பும் வெள்ளீயமும் விற்ற அந்தச் சுரங்கங்களுக்கு விலை வெளிச்சந்தையில் நிர்ணயமானது. பக்கத்துச் சுரங்கம் தன் இறைப்புச் செலவைக் குறைத்துக்கொண்டதால் தம் வருமானம் குறையவில்லை. ஒரே முதலீட்டாளர்கள் பல சுரங்கங்களில் பங்கு வைத்திருந்தார்கள். பொறியாளருக்கோ, தம் பெயர் அந்த மாத அறிக்கையில் முதலிடத்தில் வருவது அடுத்த வேலையைப் பெற்றுத் தந்தது. பகிர்ந்தவர் எவரும் அதனால் இழக்கவில்லை. இயந்திரம் அவர்களுக்கு விற்பனைப் பொருளாக இருக்கவில்லை, விற்பனைப் பொருளை வெளியே கொண்டுவரும் செலவாக இருந்தது.

இன்றைய மென்பொருள் துறையில் இதே அமைப்பைக் காணலாம். 2005ஆம் ஆண்டு ஜனவரியில் ஐபிஎம் திறமூல மென்பொருள் உருவாக்குபவர்களுக்கு எதிராக 500 காப்புரிமைகளைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதியளித்தது. அதே ஆண்டு, திறமூல இயங்குதளமான லினக்ஸைப் பாதுகாப்பதற்காக ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க் தொடங்கப்பட்டது; அதில் சேர்பவர்கள் லினக்ஸ் தொடர்பான தம் காப்புரிமைகளை ஒருவருக்கொருவர் உரிமத்தொகையின்றித் தந்துகொள்கிறார்கள். 2018ஆம் ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன்னுடைய ஏறத்தாழ 60,000 காப்புரிமைகளோடு அதில் சேர்ந்தது. லினக்ஸை எதிரியாகப் பார்த்துவந்த ஒரு நிறுவனம் இந்த முடிவுக்கு வந்ததற்கு, அதன் வருமானம் இயங்குதள விற்பனையிலிருந்து மேகக் கணிமைச் சேவைக்கு நகர்ந்ததும் ஒரு காரணம். லினக்ஸ் அதற்கும் அடித்தளமாகிவிட்டது. எல்லாரும் நின்று வேலை செய்யும் தளத்தை எவரும் தனக்கென்று வேலியிட்டுக்கொள்ளாமல் இருப்பது எல்லாருக்கும் ஆதாயம்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பகிர்வதே நோக்கம் என்றால் காப்புரிமை பெறாமல் வெளியிட்டுவிட்டாலே போதுமே, ஏன் பணம் செலவழித்து உரிமை பெற்று அதன்பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும்? விடை, அந்த உரிமை கையில் இருந்தால்தான் நிபந்தனை விதிக்க முடியும் என்பது. 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் டெஸ்லா நிறுவனத்தின் சார்பில் ஈலான் மஸ்க், நல்லெண்ணத்தோடு தம் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துபவர்கள்மீது காப்புரிமை வழக்குத் தொடுக்கப்போவதில்லை என்று எழுதினார். நல்லெண்ணம் என்பதன் பொருளை நிறுவனம் பின்னர் விளக்கியது: பயன்படுத்துபவர் டெஸ்லாமீது எந்த அறிவுசார் சொத்துரிமை வழக்கும் தொடுத்திருக்கக் கூடாது, மின்வாகனக் காப்புரிமைகளைக் கொண்டு வேறு எவர்மீதும் வழக்குத் தொடுத்திருக்கக் கூடாது, டெஸ்லாவின் காப்புரிமையை எதிர்த்து வாதிட்டிருக்கக் கூடாது, அதன் பொருள்களைப் போலிசெய்து விற்கக் கூடாது. ஆகவே இந்த இலவசத்தை ஏற்கும் நிறுவனம் தன் கையிலுள்ள வாளை உறையில் போட வேண்டும். சொந்தமாக நிறையக் காப்புரிமைகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது சிறிய விலையன்று. மின்வாகனச் சந்தை மொத்தமும் வளர்ந்தால் தனக்கு நன்மை என்ற கணக்கும் அந்த அறிவிப்பில் வெளிப்படையாகவே இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தன்னலமும் பொதுநலமும் ஒரே திசையில் செல்லும் இடங்களில்தான் பகிர்தல் நிலைக்கிறது.

அவை ஒரே திசையில் செல்லாத இடம் மருந்துத் துறை. ஒரு மருந்து மூலக்கூறைக் கண்டறிந்து, ஆய்வுக்கூடத்திலும் நோயாளிகளிடமும் ஆண்டுக்கணக்கில் சோதித்து ஒப்புதல் பெறுவதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது. பயன் தரும் மூலக்கூறு இதுதான் என்று தெரிந்தபின் அதைத் திரும்பச் செய்வதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பல தொழில்துறைகளில் காப்புரிமையைவிட இரகசியத்தையும் முந்திக்கொள்வதையுமே நிறுவனங்கள் நம்புகின்றன என்று அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களிடம் நடத்தப்பட்டு 2000இல் வெளியான கார்னகி மெலன் ஆய்வு காட்டியது. காப்புரிமை உண்மையிலேயே பெரிதும் பயன்படுவதாகக் கருதிய விதிவிலக்குகளில் மருந்துத் துறையும் ஒன்று. இத்துறையில் எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்துவிடு என்று கேட்பவர், அடுத்த மருந்தின் சோதனைச் செலவை யார் ஏற்பது என்பதற்கும் விடை சொல்ல வேண்டும். 2010இல் தொடங்கப்பட்ட மெடிசின்ஸ் பேட்டன்ட் பூல் இதற்கு ஓர் இடைவழியைக் காட்டியிருக்கிறது. எச்ஐவி மருந்துகளுக்கான காப்புரிமை உரிமையாளர்களிடமிருந்து உரிமம் பெற்று, குறிப்பிட்ட நாடுகளுக்கு மலிவு விலையில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அது வழங்குகிறது. செல்வந்த நாடுகளின் சந்தை உரிமையாளரிடமே இருப்பதால் அவருக்கு முதலீடு திரும்புகிறது. மருந்துக்கு வழியில்லாதவர்களுக்கு மருந்து கிடைக்கிறது. எல்லாருக்கும் இலவசம் என்ற அறிவிப்பைவிட இது பார்வைக்கு எளியது, ஆனால் உயிர்களைக் காக்கிறது.

மருந்தல்லாத துறைகளில் காப்புரிமை தடையாகும் இடத்தை ஆல்பர்டோ கலாசோ, மார்க் ஷாங்கர்மன் ஆகியோரின் 2015ஆம் ஆண்டு ஆய்வு ஓரளவு துல்லியமாகக் காட்டுகிறது. அமெரிக்க நீதிமன்றங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்த காப்புரிமைகளை எடுத்துக்கொண்டு, அதன்பின் அவற்றை மேற்கோள் காட்டிய கண்டுபிடிப்புகள் சராசரியாகச் சுமார் 50 விழுக்காடு கூடியதை அவர்கள் கண்டார்கள். இந்த உயர்வு எல்லாத் துறைகளிலும் இல்லை. கணினி, மின்னணு, மருத்துவக் கருவிகள் ஆகிய துறைகளில் குவிந்திருந்தது. அதிலும் பெரிய நிறுவனத்தின் காப்புரிமை நீங்கியபோது சிறிய நிறுவனங்கள் முன்வந்ததே முக்கியக் காரணம். ஆகவே எல்லா நிறுவனங்களும் பகிர வேண்டும் என்ற பொதுக் கோரிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே ஒரு கண்டுபிடிப்பைத் தவிர வேறு சொத்தில்லாத ஒரு சிறு நிறுவனத்திடம் அதைக் கேட்பது அநீதி. தொழிற்சாலையும் விற்பனை வலையும் கொண்ட பெரிய நிறுவனம் அதை ஓர் ஆண்டுக்குள் எடுத்துக்கொண்டுவிடும். சந்தையையும் காப்புரிமையையும் சேர்த்து வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களிடம், பல பாகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் துறைகளில், அடித்தளமான காப்புரிமைகளைக் கேட்பது நியாயம். பாதுகாப்பு சார்ந்தவை இன்னொரு வகை. வோல்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் உருவாக்கிய மும்முனை இருக்கைப் பட்டையை அந்நிறுவனம் மற்ற வாகன நிறுவனங்களும் பயன்படுத்தும்படி விட்டுக்கொடுத்தது. அத்தகைய கண்டுபிடிப்புகளைப் போட்டிக் கருவியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இலவசமாகத் தர வேண்டும் என்ற அழுத்தம் அளவுக்கு மீறினால் நிறுவனங்கள் காப்புரிமை பெறுவதையே விட்டுவிட்டு இரகசியம் காக்கத் தொடங்கும் என்ற அச்சமும் ஆதாரமற்றதன்று. டெஸ்லாவின் காப்புரிமைகளைத் திறந்துவிட்ட அதே ஈலான் மஸ்க், தம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏறத்தாழக் காப்புரிமையே பெறுவதில்லை என்றும், வெளியிட்டால் போட்டியாளர்கள் அதைச் செய்முறைக் குறிப்பாகப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்றும் 2012இல் சொல்லியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இதைக் காணலாம். 1851ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சியின் பதிவுகளை ஆராய்ந்த பெட்ரா மோசர், காப்புரிமைச் சட்டம் இல்லாத நாடுகளின் கண்டுபிடிப்புகள் அறிவியல் கருவிகள் போன்ற, இரகசியத்தால் காக்கத்தக்க துறைகளில் குவிந்திருந்ததைக் காட்டினார். புத்தாக்கம் நின்றுவிடவில்லை, பிறர் கண்ணுக்குப் படாத இடங்களுக்கு நகர்ந்தது. 20 ஆண்டுகளில் காலாவதியாகும் காப்புரிமையைவிடக் காலவரம்பே இல்லாத இரகசியம் பொதுமக்களுக்குக் கேடு.

எஞ்சியிருப்பது வாக்குறுதியின் உறுதிப்பாடு. மாடர்னா நிறுவனம் 2020ஆம் ஆண்டு அக்டோபரில், பெருந்தொற்று நீடிக்கும்வரை கொரோனா தடுப்பூசி தயாரிப்பவர்கள்மீது தன் காப்புரிமைகளைப் பயன்படுத்தப்போவதில்லை என்று அறிவித்தது. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் அந்த வாக்குறுதியை குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 92 நாடுகளுக்கானதாக மாற்றியமைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபைசர், பயோஎன்டெக் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. முதல் அறிவிப்பு சட்டப்படி எதைக் குறித்தது, எதுவரை செல்லும் என்பதே நீதிமன்றத்தில் வாதப்பொருளாயிற்று. இதற்கிடையில், உலக சுகாதார அமைப்பின் ஆதரவோடு தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இயங்கிய அஃப்ரிஜென் நிறுவனத்தினர், வெளியாகியிருந்த மரபணுவரிசையைக் கொண்டு அந்தத் தடுப்பூசியை மாடர்னாவின் உதவியின்றித் தாமே செய்து பார்த்தார்கள். வழக்கு வராது என்ற உறுதி அவர்களுக்குப் பயன்பட்டிருக்கலாம், ஆனால் ஒவ்வொரு படியையும் அவர்களே முயன்று கற்க வேண்டியிருந்தது. தடுப்பூசி ஆலையில் முதலீடு செய்பவர் பத்து, பதினைந்து ஆண்டுகளை மனத்தில் வைத்தே பணம் போடுகிறார். ஒரு செய்திக்குறிப்பில் தரப்பட்டு இன்னொரு செய்திக்குறிப்பில் திருத்தப்படும் வாக்குறுதியை நம்பி எவரும் ஆலை கட்டமாட்டார்கள்.

இதற்குச் சட்டத்திலேயே பழைய வழி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசப்படாதது வருத்தத்துக்குரியது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் காப்புரிமை உரிமையாளர் ஒருவர், கேட்பவர் எவருக்கும் உரிமம் தருவதாகக் காப்புரிமை அலுவலகப் பதிவேட்டிலேயே எழுதிவைக்கலாம். அதன்பின் அவர் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய புதுப்பிப்புக் கட்டணம் பாதியாகிறது. உரிமத்தொகையில் உடன்பாடு ஏற்படாவிட்டால் அலுவலகமே அதை நிர்ணயிக்கும். இது முழு இலவசம் அன்று. ஆனால் உரிமம் கேட்பவருக்கு மறுப்பு வராது என்ற உறுதி பதிவேட்டில் இருக்கிறது, உரிமையாளருக்கும் ஓரளவு வருமானம் இருக்கிறது, திறந்துவிடத் தூண்டுதலை அரசு தருகிறது. இந்தப் பதிவோடு, உரிமம் பெறுபவருக்குச் செய்முறையைக் கற்றுத்தரும் பொறுப்பையும் இணைத்து, அதை ஏற்கும் உரிமையாளருக்குக் கட்டணத்தை முழுவதுமாகவே தள்ளுபடி செய்யலாம்.